பழைய ஆங்கில மரபுத்தொடர் குறுக்கே வந்தால்: புதிதாக மொழிபெயர்க்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நூறு, நூற்றைம்பது வருடப் பழைய ஆங்கில நாவல் ஒன்றைத் தமிழில் கொண்டுவர உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு வாக்கியம் வருகிறது. அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் தெரியும், சேர்த்துப் படித்தால் மட்டும் தலைகால் புரியவில்லை. அல்லது இதைவிட மோசமாக, புரிந்துவிட்ட மாதிரியே இருக்கிறது. இந்த இரண்டு சமயத்துக்கும் உதவத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தபோது எதை முதலில் திறப்பது, எதை நம்புவது, எங்கே தேடலை நிறுத்துவது என்று வரிசையாகச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. தட்டுத் தடுமாறித்தான் ஒரு வரிசை படிந்தது. முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். மரபுத்தொடரின் பொருளைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் ஐந்து நிமிட வேலை. அதை யார் யாரிடம் சொல்வார்கள், கேட்பவருக்குச் சிரிப்பு வருமா, சுருக்கென்று தைக்குமா என்று கண்டுபிடிப்பதில்தான் பொழுது போகும். அந்தப் பொழுதை ஒதுக்காவிட்டால் உங்கள் தமிழில் பிரபுவும் பால்காரரும் ஒரே குரலில் பேசுவார்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூலப் புத்தகத்தின் முதல் பதிப்பு வெளிவந்த ஆண்டு. உங்கள் கையில் இருக்கும் மறுபதிப்பின் ஆண்டு உதவாது. கதை எந்தக் காலத்தில் நடக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், சில சமயம் இரண்டுக்கும் அறுபது வருட இடைவெளி இருக்கும். ஆசிரியர் பிரிட்டிஷ்காரரா, அமெரிக்கரா, அயர்லாந்துக்காரரா என்பதும் வேண்டும்.

இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் ஒரு கணக்கு தொடங்கிவிடுங்கள். மின்னஞ்சல் முகவரி போதும், கட்டணம் இல்லை. காப்புரிமை முடிந்த புத்தகங்களை முழுதாக இறக்கிக்கொள்ளலாம். முடியாதவற்றில் பலவற்றை ஒரு மணி நேரக் கடனாகத் திரையில் படிக்கலாம், நேரம் முடிந்ததும் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

காப்புரிமை என்றதும் ஒரு வார்த்தை. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் அனுமதி கேட்காமல் மொழிபெயர்க்கலாம். ஆனால் மறுபதிப்பில் வேறொருவர் எழுதிய முன்னுரைக்கும் அடிக்குறிப்புக்கும் தனி உரிமை உண்டு. மரபுத்தொடரை விளக்கும் அடிக்குறிப்பு அதில் இருந்தால் படித்துப் புரிந்துகொள்ளுங்கள், அப்படியே பெயர்த்து உங்கள் அடிக்குறிப்பாகப் போடாதீர்கள்.

1. இது மரபுத்தொடர்தானா என்று கண்டுபிடியுங்கள்

முட்டிக்கொள்கிற தொடர்களைப் பற்றிக் கவலை வேண்டாம், அவை தாமாகவே நிறுத்திவிடும். ஷெர்லாக் ஹோம்ஸ் கதையொன்றில் வாட்சன் நாற்காலியில் சாய்ந்தபடி ‘பிரௌன் ஸ்டடி’க்குள் விழுந்ததாகச் சொல்கிறார். நாற்காலியில் சாய்ந்திருக்கும் மனிதர் பழுப்பு நிறப் படிப்பறைக்குள் எப்படி விழுவார்? நீங்களே அகராதியைத் தேடிப் போவீர்கள். ஏதோ யோசனையில் மூழ்கிப்போனார், அவ்வளவுதான்.

ஆபத்து வழுக்கிக்கொண்டு போகிற தொடர்களில் இருக்கிறது. நான் முதலில் மனப்பாடம் செய்யச் சொல்வது இந்த மூன்றையும்தான்.

‘மேக் லவ்’. ஜேன் ஆஸ்டின் 1815ல் வெளியிட்ட ‘எம்மா’வில், விருந்து முடிந்து திரும்பும் வண்டியில் பாதிரியார் எல்டன் எம்மாவிடம் ‘வயலண்ட் லவ்’ செய்கிறார். இன்றைய ஆங்கிலத்தை வைத்துப் படித்தால் காவல் நிலையத்துக்குப் போக வேண்டிய விஷயம். நடந்தது என்ன? கையைப் பிடித்துக்கொண்டு, உன்னைத் தவிர வேறு யாரையும் நினைத்ததில்லை என்று காதலைக் கொட்டித் தீர்க்கிறார். 19ஆம் நூற்றாண்டு முழுக்க இந்தத் தொடருக்குக் காதல் மொழி பேசுவது, பெண்ணின் மனதைக் கவர முயல்வது என்றுதான் பொருள்.

‘ஐ டேர் ஸே’. தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. ‘இருக்கும், இருக்கும்’ என்று நாம் ஒப்புக்குத் தலையாட்டுவோமே, அதுதான். ‘துணிந்து சொல்கிறேன்’ என்று எழுதிவிட்டால் சோம்பலாகப் பேசுகிற பாத்திரம் மேடைப் பேச்சாளராகிவிடும்.

‘கட்’. பூங்காவில் ஒருவர் இன்னொருவரைக் ‘கட்’ செய்தார் என்று வந்தால் கத்தி எதுவும் இல்லை. நன்றாகத் தெரிந்தவரைப் பார்த்தும் பார்க்காதது போலத் தாண்டிப் போனார். அந்தச் சமூகத்தில் இது சாதாரண அவமரியாதை இல்லை, நட்பு முறிந்ததை ஊரறியச் சொல்வது.

சந்தேகம் வரவேண்டிய இடத்துக்கு ஒரு எளிய அடையாளம் உண்டு. பெயர்த்த வாக்கியம் இலக்கணப்படி சரியாக இருக்கிறது, ஆனால் அடுத்த வாக்கியத்தில் மற்ற பாத்திரம் காட்டும் எதிர்வினை அதற்குப் பொருந்தவில்லை என்றால், பெரும்பாலும் அங்கே ஒரு மரபுத்தொடர் ஒளிந்திருக்கிறது.

2. ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள்

அட்டையோ, நோட்டோ, கணினியில் ஒரு அட்டவணையோ, எதுவும் சரி. தொடர், மூலத்தில் பக்க எண், அது வரும் முழு வாக்கியம், சொல்பவர், கேட்பவர், அவர்களுக்குள் என்ன உறவு, அந்தக் கணம் கோபமா கேலியா என்பதெல்லாம் வேண்டும். அகராதிப் பொருளுக்கும் தமிழுக்கும் இடம் காலியாக விடுங்கள்.

இதில் சோம்பல் கூடாது. முந்நூறு பக்க நாவலில் அதே தொடர் மறுபடி வரும். அப்போது முதல் தடவை என்ன எழுதினோம் என்று நினைவிருக்காது.

3. அகராதிகளை இந்த வரிசையில் திறங்கள்

முதலில் கற்போருக்கான ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், லாங்மன் அகராதிகள். மூன்றும் இணையத்தில் இலவசம். தொடர் இவற்றில் இருந்தால் இன்றைக்கும் ஓரளவு புழக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். இல்லாவிட்டால் விக்‌ஷனரி. அதில் பழைய தொடர்கள் நிறைய உண்டு, மேற்கோள் வாக்கியங்களும் ஆண்டோடு கிடைக்கும். ஆனால் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய தளம், அதனால் மேற்கோளை நம்புங்கள், மேற்கோள் இல்லாத விளக்கத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

அப்புறம் பழைய புத்தகங்கள். புருவரின் தொடர்கள், கதைகள் அகராதி 1870ல் முதலில் வந்தது. அதன் 19ஆம் நூற்றாண்டுப் பதிப்புகள் இணையத்தில் இலவசம். கொச்சை, சந்தைப் பேச்சு, குடிகாரர்கள் பேச்சு என்றால் ஃபிரான்சிஸ் குரோஸ் 1785ல் தொகுத்த கொச்சைமொழி அகராதி. அதன் 1811ஆம் ஆண்டு விரிவு, காப்புரிமை முடிந்த புத்தகங்களை இலவசமாகத் தரும் குட்டன்பெர்க் தளத்தில் இருக்கிறது. கதையில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆளோ, மதராஸிலிருந்து திரும்பிய கர்னலோ வந்தால் ‘ஹாப்சன்-ஜாப்சன்’. யூலும் பர்னெலும் தொகுத்து 1886ல் வந்த இந்த அகராதி சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் தேடும் வசதியோடு கிடைக்கிறது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அதனால் நம் பக்கத்துச் சொற்களுக்கு நல்ல துணை. மதராஸ் மாகாண வெள்ளைக்காரர்களுக்கு ‘மல்’ என்று ஒரு பட்டப்பெயர் இருந்ததும் அது மிளகுத்தண்ணியின் சுருக்கம் என்பதும் அதில்தான் கிடைக்கும்.

ஒவ்வொரு சொல்லின் வரலாற்றையும் மேற்கோளோடு தரும் பெரிய ஆக்ஸ்ஃபோர்ட் அகராதிதான் (ஓஇடி) கடைசித் தீர்ப்பு. இணையப் பதிப்புக்குச் சந்தா கட்ட வேண்டும். தனி ஆள் கட்டுகிற அளவுக்கு அவசியம் இல்லை என்பது என் கருத்து. நீங்களோ வீட்டில் யாராவதோ படிக்கும் பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்கு அந்தச் சந்தா இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அதுவும் இல்லையென்றால் 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வந்த முதல் பதிப்பின் ஸ்கேன் இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு நாவலுக்கு அதுவே போதும், சொல்லப்போனால் அந்தக் காலத்து ஆட்களே எழுதியது.

இங்கே பலர் மாட்டுவது அகரவரிசையில். பழைய அச்சு அகராதிகளில் தொடரின் முதல் சொல்லில் தேடினால் கிடைக்காது. முக்கியமான பெயர்ச்சொல்லில் பாருங்கள், இல்லையென்றால் அடுத்த முக்கியச் சொல்லில். ‘பிரௌன் ஸ்டடி’யை இரண்டு சொல்லிலும் தேடாமல் அகராதியில் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

நேரில் போய்ப் பார்க்க விரும்பினால் சென்னையில் எழும்பூர் கன்னிமாரா நூலகம், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். உட்கார்ந்து படிக்கக் காசு கேட்பதில்லை. அண்ணா நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது. மூலத்தையும் கையெழுத்துப் பிரதியையும் விரித்துவைத்து வேலை செய்ய வசதியான இடம்.

4. ஓரத்தில் இருக்கும் குறியைப் படியுங்கள்

பொருளுக்கு முன்னால் சின்ன எழுத்தில் ஒரு குறி போட்டிருப்பார்கள். புதியவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ‘டேட்டட்’ அல்லது ‘ஓல்ட் ஃபேஷண்ட்’ என்றால் வயதானவர்கள் இன்னும் சொல்கிறார்கள். ‘ஆர்க்கேயிக்’ என்றால் பேச்சில் போய்விட்டது, பைபிளிலும் வேண்டுமென்றே பழமை காட்டும் எழுத்திலும் மட்டும் மிச்சம். ‘அப்சலீட்’ என்றால் செத்தேவிட்டது.

கவனம், இந்தக் குறி இன்றைய நிலையைச் சொல்வது. 1850ல் எழுதியவருக்கு அந்தத் தொடர் அன்றாடப் பேச்சாக இருந்திருக்கும். இன்றைய அகராதி ‘ஆர்க்கேயிக்’ என்கிறதே என்று நீங்கள் அதைச் சங்கத் தமிழில் போட்டால் தப்பு. எழுதியவர் காலத்தில் அது புதுசா, பழசா, தேய்ந்துபோனதா என்பதுதான் உங்களுக்கு வேண்டிய கேள்வி. பூனையும் நாயுமாக மழை கொட்டுகிற தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் பள்ளி இலக்கணப் புத்தகங்கள் இன்னமும் அதைப் பெரிய அலங்காரமாகச் சொல்லித் தருகின்றன. 1738லேயே ஜொனாதன் ஸ்விஃப்ட், மேட்டுக்குடியினர் திரும்பத் திரும்பச் சொல்லும் சலித்துப்போன பேச்சுகளைக் கேலி செய்து எழுதிய உரையாடல்களில் இது வந்துவிட்டது.

5. அந்தக் காலத்து வாக்கியங்களைத் தேடிப் பிடியுங்கள்

மொத்த வேலையில் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். உங்கள் புத்தகம் வந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் இருபது வருடத்துக்குள், வெவ்வேறு ஆட்கள் எழுதிய நாலைந்து வாக்கியங்கள் கிடைத்தால் போதும். தொடரின் குணம் தெரிந்துவிடும்.

கூகுள் புக்ஸில் தொடரை இரட்டை மேற்கோளுக்குள் போட்டு, கால எல்லையை நீங்களே குறித்துத் தேடுங்கள். தொடரை முழுதாகப் போடாதீர்கள். வினைச்சொல் காலத்துக்கும் ஆளுக்கும் தகுந்தபடி மாறும், முன்னிடைச் சொல்லும் மாறும். மாறாத நடுத்துண்டை மட்டும் போடுங்கள். அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து தேடும்போது சில பழைய புத்தகங்கள் பூட்டியிருக்கும், அதே புத்தகத்தை இன்டர்நெட் ஆர்க்கைவிலும் குட்டன்பெர்க்கிலும் பாருங்கள்.

செய்தித்தாளுக்கு ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’ தளம். 1803லிருந்து வந்த ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் இலவசமாகத் தேடக் கிடைக்கின்றன. அந்தக் காலத்தில் லண்டன் பத்திரிகைச் செய்திகளை அங்கே அப்படியே எடுத்துப் போடுவார்கள். நாவலாசிரியர்கள் அல்லாத சாதாரண ஆட்கள், கடைக்காரர்கள், ஆசிரியருக்குக் கடிதம் எழுதுபவர்கள் எப்படிப் பேசினார்கள் என்று தெரிய இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பிரிட்டிஷ் பத்திரிகைக் காப்பகத்துக்குச் சந்தா வேண்டும். ட்ரோவில் கிடைக்காத பட்சத்தில் யோசிக்கலாம்.

ஒரு தொடர் எந்தக் காலத்தில் ஏறி எப்போது இறங்கியது என்று பார்க்க கூகுளின் என்கிராம் வரைபடம். ஐந்து சொல் வரைதான் ஏற்கும். பிரிட்டிஷ் ஆங்கிலத் தொகுதியைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் அமெரிக்கப் புத்தகங்களும் கலந்துவிடும். 1800க்கு முந்தைய கோட்டை அதிகம் நம்ப வேண்டாம். அந்தக் கால அச்சில் நீளமான ‘எஸ்’ எழுத்து ‘எஃப்’ போலவே இருக்கும், கணினி அதை மாற்றிப் படித்துவிடும். 1800ஐ ஒட்டி ஒரு தொடர் திடீரென்று மேலே ஏறினால் ஏறியது புழக்கமா அச்செழுத்தா என்று கேளுங்கள்.

இப்படித் தேடினால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். ஒரு பெண் ஒரு ஆணை நோக்கித் தன் தொப்பியை வைக்கிறாள் என்று ஒரு தொடர், ‘செட் ஹெர் கேப் அட்’. அகராதி சொல்வது: ஒருவனைக் கணவனாக்கிக்கொள்ள முயல்வது. பொருள் கிடைத்தாயிற்று, வேலை முடிந்தது என்று நினைப்பீர்கள். 1811ல் வந்த ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யைத் திறங்கள். சர் ஜான் என்ற வாயாடிக் கனவான் இளம்பெண் மரியானிடம் இந்தத் தொடரைச் சொல்லிக் கிண்டல் செய்கிறார். அவள் சீறுகிறாள். நகைச்சுவை என்று நினைத்துச் சொல்லும் இந்த மாதிரித் தேய்ந்த பேச்சே எனக்குப் பிடிக்காது, அதிலும் இது ரொம்ப மட்டம் என்கிற ரீதியில் பதில் சொல்கிறாள். அகராதியில் ஒரு வரியில் இருந்த தொடருக்கு இப்போது குணம் வந்துவிட்டது. சொல்பவர் வயதில் பெரியவர், கொஞ்சம் கரடுமுரடு, தன் பேச்சில் தானே மகிழ்பவர். கேட்பவளுக்கு அது கூச்சம். ‘அவனை மணக்க விரும்புகிறாள்’ என்று தமிழில் எழுதினால் மரியான் ஏன் சீறுகிறாள் என்று வாசகருக்கு விளங்காது. ‘அவனை வளைத்துப் போடப் பார்க்கிறாய்’ என்றால் விளங்கும்.

6. பிறந்த கதையைக் கடைசியில் பாருங்கள், பாதிதான் நம்புங்கள்

மரபுத்தொடரின் பெயரைத் தட்டினால் முதலில் வந்து விழுவது அதன் பிறப்புக் கதை. சுவையாக இருக்கும், அதுதான் தொல்லை. 1999 வாக்கில் ‘1500களில் வாழ்க்கை’ என்று ஒரு மின்னஞ்சல் உலகம் சுற்றியது. கூரை வேய்ந்த வீட்டின் மேல் பூனையும் நாயும் படுத்திருந்தன, மழையில் வழுக்கி விழுந்தன, அதனால் அந்தத் தொடர் என்று அதில் இருந்தது. கற்பனை. இன்றும் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுக்களில் வருகிறது. ஆடம்பரமான என்று பொருள்படும் ‘பாஷ்’ என்ற சொல் இந்தியாவுக்கு வரும் கப்பலில் வெயில் படாத பக்கத்து அறைக்கான டிக்கெட்டில் அச்சிட்ட நான்கு முதலெழுத்துகள் என்று ஒரு கதை. அப்படி அச்சிட்ட டிக்கெட் ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை. மதிப்புள்ள புத்தகங்களும் தப்புவதில்லை. ஒன்றைப் பற்றி ‘எ டாம்’ அளவுகூடக் கவலையில்லை என்பதில் வருவது நம் ஊர்ச் செப்புக்காசான ‘தாம்’ என்று ஹாப்சன்-ஜாப்சன் சொல்லிப் பார்க்கிறது, பெரிய ஆக்ஸ்ஃபோர்ட் அதை ஏற்கவில்லை.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் கேட்டாலும் இதே கதைகள்தான் வரும், இன்னும் அழகான நடையில். அவை தரும் மேற்கோளை மூலப் புத்தகத்தில் கண்ணால் பார்க்காமல் சீட்டில் ஏற்றாதீர்கள்.

நம்பத்தகுந்த கதைகூட எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு ‘ஹாப்சன்ஸ் சாய்ஸ்’. தாமஸ் ஹாப்சன் நிஜ மனிதர். கேம்பிரிட்ஜில் வண்டி ஓட்டி, குதிரைகளை வாடகைக்கு விட்டு, 1631ல் இறந்தவர். இறந்ததும் மில்டன் அவர்மேல் கவிதைகள் எழுதினார். 1712ல் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழ் சொல்வது: லாயக் கதவுக்குப் பக்கத்தில் எந்தக் குதிரை நிற்கிறதோ அதைத்தான் எடுக்க வேண்டும். குரோஸின் அகராதி சொல்வது வேறு: ஓட்டுபவர் குதிரையை நடத்தும் விதம் பார்த்து, இவருக்கு இது என்று அவரே ஒதுக்குவார். கதை இரண்டு, பொருள் ஒன்றே. இதை எடு, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. மொழிபெயர்ப்புக்கு இந்தக் கடைசி வரி மட்டும் போதும், குதிரை வேண்டாம்.

தேடும்போது 1954ல் வந்த டேவிட் லீன் படமும் அதே பெயரில் குவியும், ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் குறுக்கே வரும். அந்த அகராதிக்கும் இந்தக் குதிரைக்காரருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

7. இன்றைய பொருளும் அன்றைய பொருளும் ஒன்றுதானா?

இதைச் சோதிக்காமல் விடாதீர்கள். ‘ஹாப்சன்ஸ் சாய்ஸ்’ என்பதை இன்று பல ஆங்கிலப் பத்திரிகையாளர்களே இரண்டு மோசமான வழிகளுக்கு இடையே மாட்டிக்கொள்வது என்ற பொருளில் எழுதுகிறார்கள். அது இருதலைக்கொள்ளி எறும்பின் நிலைமை. ஹாப்சனிடம் போனால் கிடைப்பது ஒரே ஒரு குதிரைதான், இரண்டில் ஒன்று என்ற பேச்சே இல்லை. பழைய நாவலில் வந்தால் பழைய பொருள், போன வருடக் கட்டுரையில் வந்தால் சூழலைப் பார்த்துத்தான் முடிவு.

‘க்யூரேட்ஸ் எக்’, அதாவது இளம் பாதிரியாரின் முட்டை, இன்னும் தலைகீழ். 1895 நவம்பரில் ‘பஞ்ச்’ இதழில் ஜார்ஜ் டு மொரியே வரைந்த கேலிச்சித்திரம்: பிஷப் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இளம் பாதிரியாருக்கு அழுகிய முட்டை வருகிறது. பிஷப் கேட்க, இவர் பவ்யமாக, இல்லை ஐயா, சில பகுதிகள் அருமையாக இருக்கின்றன என்கிறார். முட்டை அழுகினால் முழுதும் அழுகியதுதான், அதில்தான் சிரிப்பு. இன்று இந்தத் தொடரை நல்லதும் கெட்டதும் கலந்தது என்றே சொல்கிறார்கள். ‘அந்த நாடகம் க்யூரேட்ஸ் எக்’ என்று 1900ல் ஒருவர் எழுதியிருந்தால் அவர் பாராட்டுகிறாரா, நாசூக்காகக் கிழிக்கிறாரா என்று அடுத்த பத்தியையும் படித்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

8. தமிழில் எப்படி வைப்பது

மூன்று வழி உண்டு. தமிழில் அதே குணமுள்ள மரபுத்தொடர் இருந்தால் அதைப் போடலாம். இல்லையென்றால் சாதாரணத் தமிழில் கருத்தைச் சொல்லிவிடலாம். கதைக்கே அந்தத் தொடரின் படிமம் தேவைப்பட்டால் மட்டும் ஆங்கிலப் படிமத்தை வைத்துக்கொண்டு சின்ன அடிக்குறிப்பு. மூன்றாவதை அடிக்கடி செய்தால் நாவல் பாடப்புத்தகமாகிவிடும்.

முதல் வழியில் கிடைக்கும் சந்தோஷம் தனி. ‘கர்ரி ஃபேவர்’ என்ற தொடரில் வருவது நம் கறி கிடையாது. குதிரையைத் தேய்த்துச் சீவிவிடுவதைக் குறிக்கும் வேறொரு சொல். ஃபோவெல் என்ற கதைக் குதிரையைத் தடவிக் கொடுத்து மேலே வர நினைப்பவர்களைப் பற்றியது. நமக்கு ‘காக்காய் பிடிக்கிறான்’ தயாராக இருக்கிறது. எடுத்துப் போடுங்கள்.

ஆனால் இதே சந்தோஷம் குழியும் தோண்டும். நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது என்று ஒரு ஆங்கிலத் தொடர். நியூகாசில் நிலக்கரி ஊர், அங்கேயே நிலக்கரி கொண்டுபோவது வீண் வேலை. ‘திருநெல்வேலிக்கே அல்வாவா’ என்று கை பரபரக்கும். யார்க்‌ஷயர் பண்ணையாரின் வாயில் திருநெல்வேலி வந்தால் வாசகர் புத்தகத்திலிருந்து வெளியே விழுந்துவிடுவார். ‘கொல்லன் தெருவில் ஊசி விற்பது’ என்று வையுங்கள். கொல்லர்கள் இங்கிலாந்திலும் உண்டு, ஊசியும் உண்டு. ஊர்ப்பெயர், சாமி பெயர், சாப்பாட்டுப் பெயர் உள்ள தமிழ்த் தொடர்களைத் தவிர்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

தமிழ்ப் பக்கம் தேட: பீட்டர் பெர்சிவல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கிலப் பொருளோடு தொகுத்த 1874 பதிப்பும், ஹெர்மன் ஜென்சன் பொருள்வாரியாகப் பிரித்த 1897 தொகுப்பும் இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசம். ஜென்சனில் கருத்தை வைத்துத் தேடலாம், நமக்கு அதுதான் வசதி. இன்னொரு லாபம், 19ஆம் நூற்றாண்டில் நிஜமாகவே புழங்கிய தமிழ் கிடைக்கும், சினிமா வசனத்திலிருந்து வந்த தொடர் தெரியாமல் நுழைந்துவிடாது. இன்றைய புழக்கத்தைச் சரிபார்க்க க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. விலை கொடுத்து வாங்க வேண்டிய ஒரே புத்தகம் என்று இதைத்தான் சொல்வேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்-தமிழ் அகராதி தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இருக்கிறது. சொல்லுக்கு நல்லது, மரபுத்தொடருக்கு அதை அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

முடிவு செய்ததை உரக்கப் படியுங்கள். சொல்பவர் நினைவிருக்கட்டும், வேலைக்காரியா, பிரபுவா, பள்ளிப் பையனா. ‘சீமாட்டி அவனுக்கு முகம் கொடுக்கவில்லை’ என்பதும் ‘கண்டுக்காம போயிட்டா’ என்பதும் ஒரே ‘கட்’டுக்குத்தான், இடம்தான் வேறு.

9. நீங்களே ஆங்கிலத்தில் எழுதும்போது

பழைய தொடர்களில் ஊறினால் அவை உங்கள் ஆங்கிலக் கடிதங்களிலும் தலைகாட்டும். வெளிநாட்டுப் பதிப்பாளருக்கு உரிமை கேட்டு எழுதும்போது ஓல்ட் ஃபேஷண்ட் குறி போட்ட எதையும் தவிர்த்துவிடுங்கள். ‘ஆவன செய்யுங்கள்’ என்று பொருள்படும் ‘டூ தி நீட்ஃபுல்’ இங்கே மாவட்ட ஆட்சியர் அலுவலக மனு வரை உயிரோடு இருக்கிறது, அதில் தவறொன்றுமில்லை, இங்கே அது நடப்பு ஆங்கிலம். லண்டனில் படிப்பவருக்குத் தாத்தா காலத்துக் கடிதம் போல இருக்கும். பழமை இடத்துக்கு இடம் மாறும்.

ஐஇஎல்டிஎஸ் மாதிரித் தேர்வுக்குப் படிப்பவர்களும் என்னிடம் இதைக் கேட்கிறார்கள். பேச்சுத் தேர்வில் 7 மதிப்பெண் நிலைக்கான விவரத்தில் மரபுத்தொடர்ப் பயன்பாடு வருவது உண்மை. கூடவே நடையைப் பற்றிய உணர்வும் வேண்டும் என்றும் இருக்கிறது. பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டுப் பூனை, நாய் மழையைக் கொண்டுபோய்ப் பொழியாதீர்கள்.

10. செலவும் நேரமும்

இணைய இணைப்பைத் தவிர மேலே சொன்னதில் பெரும்பகுதிக்குச் செலவில்லை. பழைய அச்சு அகராதி வேண்டும் என்று ஆசைப்பட்டால் திருவல்லிக்கேணி பாரதி சாலைப் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கலாம், விலை உங்கள் பேரம். பெரிய ஆக்ஸ்ஃபோர்ட், பிரிட்டிஷ் பத்திரிகைக் காப்பகம் ஆகிய சந்தாக்களை முதல் புத்தகத்துக்குக் கட்ட வேண்டாம்.

ஒரு தொடருக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே இருப்பில் கொடுக்காதீர்கள். கிடைக்காவிட்டால் சீட்டில் கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள். அதே ஆசிரியர் ஐம்பது பக்கம் தள்ளி அதே தொடரைத் தெளிவான இடத்தில் சொல்லியிருப்பார், பலமுறை அப்படித்தான் தீரும். பதிப்பகத்தோடு கெடு பேசும்போது இந்தத் தேடலுக்குத் தனியாக நாள் கேளுங்கள். பக்கக் கணக்கில் கூலி பேசினால் தேடிய நேரத்துக்கு யாரும் காசு தரமாட்டார்கள், அதனால் பழைய நாவலுக்கும் நேற்று வந்த நாவலுக்கும் ஒரே வீதத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். எத்தனை தொடர்களுக்குச் சீட்டு எழுதியிருக்கிறீர்கள் என்பதைக் காட்டிப் பேசினால் சில இடங்களில் காது கொடுப்பார்கள்.

பிரதியை ஒப்படைக்கும்போது சீட்டுகளின் நகல் ஒன்றையும் சேர்த்தே அனுப்புங்கள். எடிட்டர் ‘காதல் மொழி பேசினார்’ என்பதை அடித்துவிட்டு ஓரத்தில் கேள்விக்குறி போடுவார். பக்க எண்ணும் அந்தக் காலத்து மேற்கோளும் கையில் இருந்தால் அன்றைக்கே பதில் எழுதிவிடலாம்.